கம்பிளி நாரங்கா மரம் பிடித்த கால்கள்

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், கேரளப் பக்கம், காரோடு என்ற ஊரில் எங்கள் வீடு. ஆட்டோ ஓட்டும் என் கணவருக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று பாறசாலையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்து, "கிரேப்ஃப்ரூட் கழிக்கருது" என்றார், சாப்பிடக் கூடாதாம். கிரேப் என்றால் எங்கள் ஊரில் முந்திரிங்கா, அதாவது திராட்சை. அன்றோடு வீட்டில் திராட்சைக்குத் தடை போட்டேன். பாவம், பழம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் கிணற்றடியில் காய்த்துக் கிடந்த பம்ப்ளிமாஸை, எங்கள் பேச்சில் கம்பிளி நாரங்காவை, தினமும் உரித்துக் கொடுத்தேன்.

சில வாரங்களில் அவர் ஆட்டோவை விட்டு இறங்கவே தடுமாறினார். "ஏட்டி, இது எனக்க காலு இல்ல கேட்டியா. ஆரோ கீழ இருந்து பிடிச்சு வச்சிருக்கது போல உண்டு" என்றார்.

இதைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா கிணற்றடி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மக்கா, அந்த மரத்துல என்னமோ உண்டு. அதாக்கும் காலப் பிடிக்குது. வெட்டிப் போடு."

சிரிக்கத்தான் நினைத்தேன். அந்தி நேரம், இலைகூட அசையவில்லை. பழம் ஒன்று பொத்தென்று விழுந்தது. உள்ளே அவர் வலியில் கத்தினார். அதன்பிறகு விளக்கு வைத்தால் கிணற்றடிப் பக்கம் போகவே பயந்தேன். ஆனாலும் விழுந்த பழத்தைக் காலையில் பொறுக்கி உரித்தேன். வேறு எதுவும் அவர் வாய்க்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் அவருக்குச் சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனது. எழுந்து நிற்கவும் முடியவில்லை. பிழைப்பாரா என்ற பயத்தோடு அதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்துச் சீட்டைத் தேடிப் பையைக் கவிழ்த்தபோது, அவருக்காக எடுத்துவந்த சுளை டப்பா மேசையில் விழுந்து திறந்துகொண்டது. டாக்டர் முகம் மாறிவிட்டது. முந்திரிங்காவைத்தான் அன்றே நிறுத்திவிட்டோமே என்றேன்.

"சேச்சி, கிரேப்ஃப்ரூட் முந்திரிங்கா இல்ல. இந்த நாரங்காய்க்க சொந்தக்காரனாக்கும்!"

அந்த மாத்திரையை உடம்பு வெளியேற்றிவிடாதபடி இந்தப் பழம் தடுக்குமாம். தேங்கிய மருந்து தசையைக் கெடுத்து, சிறுநீரகம் வரை போயிருந்தது. மாத்திரையை நிறுத்தி, ட்ரிப்ஸ் ஏற்றி அவரை மீட்டுக் கொடுத்தார்கள்.

இப்போது வேறு மாத்திரை. திராட்சை தாராளமாகத் தின்கிறார். எந்தப் புது மருந்து எழுதினாலும் பழத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, பழத்தையே கொண்டுபோய்க் காட்டிக் கேட்கிறோம். அக்காவிடம் நடந்ததை எல்லாம் விளக்கினேன். "பின்ன, மரந்தானே பிடிச்சது?" என்றாள். மரம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அந்தியில் பழம் விழும் சத்தம் கேட்டால், நான் முதலில் பார்ப்பது அவர் கால்களைத்தான்.