தைப்பொங்கலுக்குத் திரும்பிய நிழல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. அந்த வருடமும் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி உண்டு என்றதும் வகுப்பே தலையைச் சொறிந்தது. நான் சொறியவில்லை. வெய்யிலுக்கு யாரும் தடை போட்டிருக்கவில்லையே.

என் திட்டம் எளியது. ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, சித்திரையில் தொடங்கி ஒவ்வொரு ஞாயிறு மதியமும் அதன் நிழலை அளப்பது. பூமியின் அச்சு சரிந்து நிற்பதால் சூரியன் வடக்கே போய்த் தெற்கே வருவதாகத் தெரிகிறது. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிற எங்களை, போகும்போது ஒருதரமும் வரும்போது ஒருதரமும் நேர் உச்சியில் கடக்கும். வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் கம்புக்கு நிழலே இராது. நிழல் ஆக நீளுகிற நாளில்கூட அது கம்பின் உயரத்தை எட்டாது. எங்களுக்கு ஏன் உறைபனிக் காலம் இல்லை என்பதற்கு அதுதான் பதில். பாடப்புத்தகத்தில் இருந்த நான்கு பருவங்களையும் பாடமாக்கி அலுத்துப்போன எனக்கு, வடக்கிருந்து வாடைக்காற்றும் தெற்கிருந்து சோளகக்காற்றும் வீசுகிற எங்கள் ஊர் உரும்பிராயின் கணக்கை நானே எழுதவேண்டும் என்று ஒரே வெறி. நன்றாக அமைந்தால் மாவட்டக் கண்காட்சிக்கும் போகலாம்.

எங்கள் முற்றத்தை மாமரம் மூடியிருந்ததால் கம்பை அடுத்த வீட்டு முற்றத்தில் நட்டோம். அந்த வீட்டுப் பிள்ளை என் வகுப்புத் தோழி, அரிவரி வகுப்பில் இருந்தே கூட்டு. அவள் அளப்பாள், நான் கொப்பியில் எழுதுவேன். மார்கழியில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து ஆறு ஞாயிறு படுக்கையில் கிடந்தேன். "நீ படு. நான் அளந்து வைக்கிறன்" என்றாள். எழும்பியதும் ஒரு துண்டில் ஆறு அளவுகளையும் தந்தாள். நான் அவற்றை அழகாகக் கொப்பியில் எழுதி, பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி வரைபடமும் கீறினேன். தைப்பொங்கல் வரை கோடு ஏறி, பிறகு இறங்கியது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தை முதலாந் திகதி சூரியன் வடக்கே திரும்புகிறது என்றுதானே நாங்கள் முற்றத்தில் பொங்கிப் படைக்கிறோம்?

பங்குனியில் கண்காட்சி நடந்தது. நடுவராக வேறு பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த ஆசிரியர் வரைபடத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார்.

"பிள்ளையள், டிசம்பர் இருபத்திரண்டோடை நிழல் கட்டையாகத் தொடங்கியிருக்க வேணும். உங்கடை கோடு பொங்கல் மட்டும் ஏறுது. பூமியின்ரை அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தள்ளாடுறது. ஒருகாலத்திலை தையோடை பொருந்தின திரும்பல் இப்ப மூண்டு கிழமைக்கு மேலை முந்திப்போச்சு. பஞ்சாங்கம் அதைப் பாக்கேல்லை, கம்பு பாத்திருக்கும். ஆர் இதை அளந்தது?"

நான் கொப்பியில் அந்த ஆறு அளவுகளையும் பார்த்தேன். அவள் அளக்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. மழை என்று வெறுமையாக விட்டிருந்தால்கூட ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளே ஒத்துக்கொள்வாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"உவள்தான் சேர்" என்றாள், என்னைக் காட்டி. "எழுத்தைப் பாருங்கோ, உவளின்ரை எழுத்து."

எழுத்து என்னுடையதுதான். சேர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "கள்ளக் கணக்கு எழுதக் கூடாது பிள்ளை" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் ஒரு வருடத்து ஞாயிறுகள் முழுக்க அந்த ஒரு சொல்லில் கள்ளமாயின.

பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"கோவமோடி? மாரி மழைத் தண்ணிக்குள்ளை நிண்டு ஆர் அளக்கிறது? பொங்கலுக்குச் சூரியன் திரும்பும்தானே எண்டு, எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதினனான்."

"சேர் கேக்கேக்கை ஏன் என்னைக் காட்டினனீ?"

"நீ ஒண்டும் சொல்லமாட்டாய் எண்டு தெரியும்."

எனக்கு அழுகை வந்தது, அடிக்கவும் கை வந்தது, இரண்டையும் செய்யவில்லை. சூரியன் விஷயத்தில் அவள் மூன்று கிழமைக்கு மேல் பிழைவிட்டிருந்தாள். என் விஷயத்தில் ஒரு நாள்கூடப் பிழைவிடவில்லை.