என் கட்டைவிரலும் மகளின் பால்பற்களும்

போன வருஷம் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம். கேரள எல்லையில் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நடந்தது இது. இதைப் படித்தால் என்னை யாரும் நல்லவன் என்று நினைக்க மாட்டார்கள். நினைக்காவிட்டால் போகட்டும்.

எனக்கு நான்கு மாடுகள், ஒரு மகள். மகளுக்கு அப்போது நான்கு வயது. மனைவி பொள்ளாச்சிப் பக்கம் மில்லுக்குப் போகிறாள். விடிவதற்குள் மில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் மகளுக்குப் பல் விளக்கி, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அங்கன்வாடியில் விடுவது வரை எல்லாம் என் வேலை. ஆம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

அவளுக்குப் பேஸ்ட் என்றாலே ஆகாது. நாக்கில் பட்டதும் "காரம்" என்று துப்பிவிடுவாள். சரி போ என்று வாயை மட்டும் கொப்பளிக்கச் சொல்லி விட்டுவிடுவேன். பிள்ளை அழக்கூடாது என்று விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பேறித்தனம்.

ஒரு நாள் காலையில் அவள் வலது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், வீட்டில் யார் பல் விளக்கி விடுவது என்று மலையாளத்தில் கேட்டார். நான்தான் என்றேன். கண்ணாடியை வைத்துக் காட்டினார். கடைவாயில் ஒரு பல் முழுக்க ஓட்டை. இன்னும் இரண்டு கறுக்க ஆரம்பித்திருந்தன. வீக்கத்துக்கு மருந்து எழுதினார். அது வடிந்ததும் ஒன்றைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும், காலையும் ராத்திரியும் பேஸ்ட் போட்டு விளக்கினால் மற்ற இரண்டையும் காப்பாற்றலாம், ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லாததால்தான் அவ்வளவு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்தால் என் அண்ணன், "பால் பல்லு தானடா, உழுந்து மொளைச்சிரும். இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்றார். "மொளைக்கற வரைக்கும் அவ உன்ற வாயிலயா சோறு திம்பா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு பத்து நாள் அவர் என்னிடம் பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

மறுநாளே ஆரம்பித்தேன். கெஞ்சினேன். மிட்டாய் தருகிறேன் என்றேன், பல்லுக்குத்தான் இத்தனை பாடு என்பதே மறந்துபோய். மிரட்டினேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் காலையில் கன்றுக்குட்டிக்குப் பூச்சி மருந்து ஊற்றினேன். கன்றுக்கு மருந்து ஊற்றுவது எங்களுக்குக் கை வந்த வேலை. தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாயின் ஓரத்தில் பல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை நுழைத்தால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அந்தக் கையைச் சரியாகக் கழுவக்கூட இல்லை. அதே மாதிரி மகளை இடுக்கிக்கொண்டேன். உதட்டோரத்தில் அதே விரலை நுழைத்தேன். வாய் திறந்தது. தேய்த்தேன். முதலில் அலறினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. கண்ணை மட்டும் மேலே வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். வேலை முடிந்தது என்று எனக்கு ஒரே திருப்தி. வெட்கம் கெட்டுப் போய்ச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று நாள் அப்படியே செய்தேன். நான்காம் நாள் என் கையால் இட்லி ஊட்டப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதியம் சோறும் அப்படித்தான். மனைவி வேலை முடிந்து வந்து ஊட்டியதும் மடமடவென்று தின்றாள். அப்போதுதான் மனைவி அவள் உதட்டோரத்தில் இருந்த சிவப்புக் கன்றலைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள். "கதவுல இடிச்சுக்கிட்டா" என்று சொல்லிவிட்டேன்.

மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு நான்கு வயசுப் பிள்ளை என் பொய்யை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரத்தில்தான் எங்கள் கிடாரி முதல் கன்று போட்டிருந்தது. மடியில் கை வைத்தால் உதைக்கும். ஊரில் சிலர் காலைக் கட்டிப்போட்டுக் கறப்பார்கள். நான் கட்ட மாட்டேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, முதலில் முதுகில் தடவி, அப்புறம் வயிற்றில், அப்புறம்தான் மடிக்குக் கையைக் கொண்டுபோவேன். உதைத்தால் கையை எடுத்துவிட்டு மறுபடி முதுகிலிருந்து தொடங்குவேன். "பொறு சாமி, ஒண்ணும் பண்ண மாட்டன் கண்ணு" என்று பேசிக்கொண்டே இருப்பேன். அரை மணி நேரம் ஆனாலும் சரி. பொறுமைசாலி என்று பால் சொசைட்டியில் எனக்குப் பேர்.

அன்றைக்கு மகள் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்ததும் சொன்னாள்:

"மாட்டுக்கிட்ட மட்டும் சாமி சாமிங்கற. என்ற வாயத்தான் கிழிக்கற."

கையில் இருந்த பால் வாளியைக் கீழே வைத்தேன். தொட்டியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அவள் முன்னால் குத்தவைத்தேன். "அப்பா பண்ணினது தப்பு சாமி. நீயாத் தெறந்தாத்தான் இனி உன்ற வாய்ல கை வெப்பன்" என்றேன். சாயங்காலம் மனைவியிடம் கதவுக் கதையையும் ஒத்துக்கொண்டேன். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கிடாரியைப் பழக்குகிற மாதிரியே தொடங்கினேன். முதல் நாள் பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்ததோடு சரி. இரண்டாம் நாள் அவள், "நீ தெற" என்றாள். திறந்தேன். இருபது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய். அந்த டாக்டரைப் போலவே எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குத்தான் மொதல்ல ஊசி போடோணும், நாறுது" என்றாள். பேஸ்ட்டைப் பிதுக்கி என் பல்லைத் தேய்த்தாள். தேய்த்ததில் ஈறு கிழிந்து, அதில் பேஸ்ட் பட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது என்னுடைய பேஸ்ட், கிராம்பு போட்டது, அவளுக்கும் இதுவரை அதையேதான் வைத்தேன். புகையிலையில் மரத்துப்போன வாய்க்கு அதன் காரம் இத்தனை நாளும் தெரியவில்லை. அவள் காரம் காரம் என்று சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஒரு தடவையாவது நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

அன்றைக்கே குழந்தைகள் பேஸ்ட் வாங்கி வந்தேன். அவள் பிரஷ்ஷில் பட்டாணி அளவுகூட வைக்கவில்லை.

இதெல்லாம் சாலையோரத் தொட்டியில்தானே நடக்கிறது. பால் ஊற்றப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். தினமும் அவள் எனக்கு விளக்குகிறாள், நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொசைட்டி வரிசையில் ஒருவர், "ஏனுங், மாட்டுக்கும் பல்லு வெளக்கி உட்டுட்டுத்தான் வர்றீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்களுக்கும் ஒருக்கா வெளக்கி உடறனுங். இங்க வரைக்கும் வாசம் வருது" என்றேன். சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் என் பல்லை முடித்துவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள். அவளுடைய பிரஷ்ஷை எடுத்து என்னிடம் நீட்டி வாயைத் திறந்தாள். "எடுன்னா எடுத்தரோணும்" என்றாள். இரண்டு இழுப்பில் எடு என்றாள். எடுத்துவிட்டேன். அடுத்த நாள் நாலு இழுப்பு. ஒரு தடவைகூட நான் ஏமாற்றவில்லை. கடைவாய் வரை போய்ச் சேர இன்னும் பல நாள் ஆனது.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். நன்றாக அழுதாள். மற்ற இரண்டும் மேலே கெடவில்லை, அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டார். அவள்தான் எனக்குப் பழக்கினாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டவன் என்று அண்ணன் இன்றைக்கும் குத்திக் காட்டுகிறார். ஆமாம், கேட்டேன். நாளைக்குத் தப்புச் செய்தால் நாளைக்கும் கேட்பேன். பெற்றவன் கை என்பதற்காக அதற்குப் பிள்ளை வாயைத் திறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

கன்றுக்கு மருந்து ஊற்றிய நாட்களில் மட்டும் அவள் என் கையை இழுத்து மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். முகரட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அந்தக் கையை நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான்.