புளியடி ஒழுங்கைக்குப் போகவேணும்

விமலேஸ்வரிக்கு முன்னால் நின்று "புளியடி ஒழுங்கை" என்று சொல்லக் கிளிநொச்சியில் எவருக்கும் துணிவில்லை. அவர் பிறந்து வளர்ந்து, இன்றும் குடியிருக்கும் தெருவின் முதல் பெயர் அதுதான். அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் "புளியடியெண்டா பேய் இருக்குமே" என்று சிரித்ததை அவர் மறக்கவேயில்லை. சண்டையில் அந்தப் புளியமரம் போனது. மீளக் குடியேறிய காலத்தில் தண்ணீர்த் தாங்கி ஒன்று வைத்தார்கள். தெரு தாங்கியடி ஆயிற்று. அதுவும் பிடிக்கவில்லை. மாதர் சங்கத் தலைவியாகி, பிரதேச சபைக்கு நடையாய் நடந்து, "கலைமகள் வீதி" என்று பலகை நட்டபிறகுதான் ஓய்ந்தார். அதன்பிறகு பழைய பெயரைச் சொன்ன ஓட்டோக்காரர், மீன்காரர், ஏன், கோயில் ஐயர்கூட நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

இன்று தங்கை சுதாஜினி முப்பது வருடத்துக்குப் பிறகு பிரான்சிலிருந்து வருகிறாள். விமலேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. விடியமுன்னமே கணவாய்க் கறி அடுப்பில் ஏறிவிட்டது.

"ஸ்ரேசனுக்கு வராதேங்கோ அக்கா, நானே வீடு தேடி வாறன்" என்று தங்கை அடம்பிடித்திருந்தாள்.

ரயில் வந்துபோய் வெகுநேரமாகியும் ஆளைக் காணவில்லை. அவளுடைய போனும் வேலை செய்யவில்லை. அப்போதுதான் விமலேஸ்வரிக்குத் திக்கென்றது. தங்கைக்குத் தெரிந்தது பழைய பெயர் ஒன்றுதான்! அவள் வருகிற சந்தோசத்தில் புதுப் பெயரைச் சொல்லவே மறந்துவிட்டார். மரமும் இல்லை, ஊரும் முழுக்க மாறிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டால் யார் வழி சொல்லப் போகிறார்கள்? எல்லோருடைய வாயையும் அடைத்தது அவரேதான்.

அகப்பையை எறிந்துவிட்டுப் பெரிய றோட்டுக்கு ஓடினார். கலைமகள் வீதிப் பலகைக்குக் கீழே நின்று, வருகிற ஓட்டோவையெல்லாம் மறித்து, "புளியடி ஒழுங்கை இதுதான்! புளியடி ஒழுங்கை!" என்று தொண்டை கிழியக் கத்தினார். சனம் வாயைப் பிளந்தது. வெட்கமாவது ஒன்றாவது!

ஓர் ஓட்டோ வந்து நின்றது. "அக்கா!" என்று பாய்ந்து இறங்கினாள் சுதாஜினி. இருவரும் கட்டிப்பிடித்து அழுது, சிரித்து, மறுபடி அழுதார்கள்.

"ஸ்ராண்டில எல்லாருக்கும் இடம் தெரியும், அன்ரி" என்றான் ஓட்டோக்காரன் சஜீவன், தலையைச் சொறிந்தபடி. "உங்களுக்குப் பயந்து, தெரியாது எண்டிட்டாங்கள். ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை எண்டு நான்தான் ஏத்திக்கொண்டு வந்தனான்."

விமலேஸ்வரி கண்ணைத் துடைத்தார்.

"எந்த இடமெண்டு கேட்டவள்? சொல்லு தம்பி, இன்னொருக்காச் சொல்லு."

"புளியடி ஒழுங்கை" என்றான் சஜீவன் மெல்ல, ஒரு காலை ஓட்டோவுக்குள் வைத்தபடி.