பதினேழு முட்டைகள்

மகளுக்குக் காய்ச்சல் விட்டு எட்டு நாளாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டோம். இன்னும் மணிக்கொரு தரம் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். "அடைக்கோழி மாதிரி பக்கத்துலயே உக்காந்திருக்காதம்மா" என்கிறாள். எனக்கு அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் தன் உயிரியல் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொல்வாள். ஓர் உயிருக்கு இருப்பது அளவான சக்தி. நிறையப் பெற்றால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம்தான் கொடுக்க முடியும். எத்தனை பிழைத்தன என்பதை வைத்தே, எத்தனை பெறுவது என்ற எண்ணிக்கை தலைமுறை தலைமுறையாகப் படிந்து வந்திருக்கிறது என்று ஒரு பாடத்தில் இருந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாள். தொண்டை காய்ந்துவிட்டது என்றேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் எங்கள் வீடு. ஐந்து பிள்ளைகளில் நான் மூன்றாவது. கடைசித் தம்பி கைக்குழந்தை. அந்த வருஷம் மழை பொய்த்து, சாமை பாதிதான் விளைந்திருந்தது.

மார்கழிப் பனியில் அம்மா ஒரு கோழியை அடை வைத்தாள். கூடையில் வைக்கோல் பரப்பி, இடிச் சத்தம் முட்டைக்கு ஆகாதென்று காப்புக்கு ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டு, பதினொரு முட்டைகளை அடுக்கினாள். எங்கள் பக்கத்தில் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள்.

"காட்டுக்கோழி நாலஞ்சோட நிறுத்திக்கும். நம்ம ஊட்டுக் கோழிக்குத்தான் பேராசையக் கத்துக் குடுத்துட்டோம்" என்று அப்பா சிரித்தார்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குஞ்சு என்பது வீட்டு வழக்கம். போன தடவை என் பங்குக் குஞ்சைப் பருந்து தூக்கிப் போயிருந்தது. பருந்துக்குப் போக எனக்கென்று ஒன்று மிஞ்ச வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் அம்மா காட்டுக்குப் போனதும் சாமைப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்த முட்டைகளில் ஆறை எடுத்துக் கோழிக்கு அடியில் தள்ளினேன். ஒற்றைப்படை தவறக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

கோழி ஒன்றையும் ஒதுக்கவில்லை. இறக்கையை விரித்து விரித்து உட்கார்ந்தது. ஆனாலும் ஓரத்தில் இரண்டு மூன்று எப்போதும் வெளியே தெரியும். அது அலகால் ஓரத்து முட்டையை உள்ளே இழுக்கும்; உள்ளே இருந்த ஒன்று ஓரத்துக்கு வரும். இப்படியே ஒவ்வொன்றும் முறை வைத்துப் பனியில் குளிர்ந்தது. அது அப்போது எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது.

இருபத்தொன்றாம் நாள் இரண்டே குஞ்சுகள் வந்தன. மேலும் இரண்டு நாள் பொறுத்துவிட்டு அம்மா மீதியை உடைத்துப் பார்த்தாள். சிலவற்றில் குஞ்சு முழுசாக இருந்தது. இறகு முளைத்து, கண் மூடி. ஓடுகளை எண்ணினாள். பதினேழு.

"யாரு வெச்சது?"

"நான்தாம்மா. ஆறு."

அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா அடிக்கவில்லை. மெலிந்து லேசாகிப்போன கோழியைத் தூக்கி மடியில் வைத்து, அதன் இறக்கையை விரித்துக் காட்டினாள்.

"அதுக்கு இருக்கறது இவ்வளவுதான் சாமி" என்றாள். தம்பி மறுபக்கம் பாலுக்கு முட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் தோள் எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்தித் தெரிந்தது.

பத்து நாள் கழித்து சேந்தமங்கலத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லாதவள். "நல்லாப் படிக்கற புள்ள அண்ணி. எங்கூட்டுல இருந்து படிக்கட்டுமுங்க" என்றாள். அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு எழுந்து என் பாவாடைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

முட்டைகளைக் கொன்றதற்குத்தான் என்னைக் கீழே அனுப்புகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா, அண்ணன், தங்கை யாரும் முட்டையைத் தொடவில்லை. அவர்கள் மலையில் இருந்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பஸ் வந்தது. அத்தை என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே நின்றாள். நான் கையை வெளியே நீட்டி, "இனிமே முட்டையத் தொடவே மாட்டேம்மா" என்றேன்.

அம்மா தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நினைத்துக்கொண்டேன்: அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.