உருண்டை பிடிக்காத கடலை

இப்போது மலாக்காவில் அரபுச் சாப்பாட்டுக் கடைகள் வந்துவிட்டன. கொண்டைக்கடலையை அரைத்த ஹம்மூஸ் என்று ஒரு தட்டையும் தபூலி என்று ஒரு கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்து, உடம்புக்கு ரொம்ப நல்லது என்று பரிமாறுகிறவர் எனக்கே பாடம் சொல்கிறார். நானும் தலையை ஆட்டி வைப்பேன். அவருடைய அப்பா பிறப்பதற்கு முன்பே, காஜா பேராங்கில் எங்கள் வீட்டு அம்மியில் அதை அரைத்தாகிவிட்டது. ஆனால் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா புக்கிட் ரம்பாய் பக்கம் போகிற பஸ் ஓட்டினார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சோற்றைக் குறைக்க வேண்டும், பயறு பருப்பும் பச்சைக் கீரையும் சேர்க்க வேண்டும், கண் இப்போதே மங்க ஆரம்பித்துவிட்டது, அடுத்த முறை பார்க்கும்போதும் இப்படியே இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அம்மாதான் வந்து எங்களிடம் சொன்னாள். 

அப்பாவுக்குப் பஸ் என்பது வெறும் பிழைப்பு இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவர் எங்கள் அப்பாவாகத் தெரிவார். லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்திருந்தால், ரயிலைத் தவறவிட்ட விருந்தாளி மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரை நிரந்தரமாக அப்படி உட்கார வைத்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஆனால் சோற்றை விடுவது லேசா? தட்டில் குவித்து, நடுவில் பள்ளம் பறித்து, குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற மனிதர். சுண்டல் கொடுக்கலாம் என்றால் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. அவித்த கொண்டைக்கடலையை வாயில் போட்டு இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டிவிட்டு முழுசாக விழுங்குவார். அதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

வழி சொன்னவர் முக்கு மளிகைக்கடை நானா. தமிழ் முஸ்லிம். கடை வைப்பதற்கு முன் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பல் பழுதாகி பெய்ரூட் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தபோது அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பழகியிருந்தார்.

"அங்க பல்லுப் போனவன்லாம் இததான் திங்கிறான் தங்கச்சி. கடலைய வேகவச்சு மையா அரைச்சுக்க. எள்ளையும் அரைச்சு ஊத்து. பூண்டு, எலுமிச்சங்கா. அவ்ளோதான். தாளிச்சுப்புடாத."

"தாளிக்காம எப்படி நானா சாப்புடுறது?"

"அப்படித்தான் சாப்புடுவாங்க."

அம்மா சரி என்றாள். ஆனால் தாளிக்காத பண்டம் உலகத்தில் இருக்க முடியும் என்பதை அவள் கடைசிவரை நம்பவில்லை. கூடவே இலையும் கோதுமையும் கலந்த தபூலியையும் நானா சொல்லிக்கொடுத்தார். அந்த ஊர்த் தழை இங்கே கிடைக்காது, கொத்தமல்லியும் புதினாவும் போதும் என்றார்.

இலை நறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. சாக்கடை ஓரம் வளர்ந்த புதினாவையெல்லாம் ஆய்ந்து, பொடிப்பொடியாக நறுக்கி, விரலெல்லாம் பச்சையாகி, நான் பொறுமிக்கொண்டிருந்தேன். ஊறவைத்த கோதுமை நொய், தக்காளி, வெங்காயம், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துப் பிசிறியதும் அப்பா வந்து எட்டிப் பார்த்தார். மறுநாளைக்கென்று பக்கத்தில் ஊறிக்கொண்டிருந்த கொண்டைக்கடலையை மலாய்க்காரர்கள் கச்சாங் கூடா என்பார்கள், குதிரைக் கடலை என்று அர்த்தம்.

"காலையில குதிரைத் தீனி, மத்தியானம் ஆட்டுத் தீனியா? பஸ்ஸ ஓட்டச் சொல்றீங்களா, இழுக்கச் சொல்றீங்களா?" என்றார்.

சொன்னாரே தவிர, தபூலியைச் சாப்பிட்டார். அவருடைய கண்டக்டர் மலாய்க்காரர், தினமும் பச்சை இலைகளைச் சம்பால் என்கிற மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிடுகிறவர். உலாம் என்று அதற்குப் பெயர். அதையே வருஷக்கணக்காகப் பக்கத்தில் பார்த்தவருக்கு இந்த இலை ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. "நம்ம கண்டக்டர் வீட்டு உலாம்தான் இது, கோதும போட்டு ஏமாத்துறீங்க," என்று கிண்ணத்தை வழித்தார். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

கடலையில்தான் வினை வந்தது. நானா கடையில் கறுப்பு எள்ளுதான் இருந்தது. பாதியைக் கடலையோடு அரைத்தாள் அம்மா. தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் என்று கெட்டியாகவே வழித்தாள். இனிமேல் தினமும் பஸ்ஸுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டுமே, தட்டில் பரப்பினால் எப்படிக் கட்டுவது? உருண்டை பிடித்தாள். எள்ளுருண்டை மாதிரி பார்வையாக இருக்கட்டும் என்று மீதி எள்ளில் புரட்டினாள். மறுநாள் மத்தியானம் அப்பா இரண்டு நடைக்கு நடுவே வீட்டுக்கு வந்தபோது, ருசி பார்க்கட்டும் என்று வாழையிலையைக் கழுவி மூன்று உருண்டைகளை வைத்தாள்.

அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா இறந்து அதிக நாள் ஆகவில்லை. உஜோங் பாசிர் கடற்கரையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, இதே மாதிரி இலையில், இதே மாதிரி எள் தூவிய பிண்டத்தை வைத்துக் கும்பிட்ட கை அது. எனக்கு அது உறைத்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அதுக்குள்ள எனக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சிட்டியா?" என்றார் அப்பா.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. இலையை மடிக்காமல் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு ஆத்திரம். நல்லெண்ணெய் எதிலிருந்து வருகிறதாம்? தீபாவளிக்கு எள்ளுருண்டை கேட்டு வாங்கித் தின்கிறாரே, அது என்னவாம்? வந்ததும் கேட்டுவிடுவது என்று இருந்தேன். சாயங்காலம் அவர் சோர்ந்து உள்ளே வந்ததும் எழுந்துபோய்க் குடிக்கத் தண்ணீர்தான் கொண்டுவந்தேன்.

அம்மா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருந்தாள். புதிதாகக் கடலையை அரைத்திருந்தாள், எள்ளே இல்லாமல், கொஞ்சம் நிலக்கடலை சேர்த்து. அகலமான பீங்கான் தட்டில் கொட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பரப்பி, விரலால் குழி குழியாகப் பறித்தாள். கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து அந்தக் குழிகளில் ஊற்றினாள். நானா பார்த்திருந்தால் கடையை மூடியிருப்பார். தட்டையும் ஒரு சப்பாத்தியையும் அப்பா முன்னால் வைத்தாள்.

"உருண்டை இல்ல. பரப்பித்தான் வச்சிருக்கேன். சாப்புடுங்க."

அப்பா கொஞ்ச நேரம் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

"பயமா இருக்கு புள்ள. முந்தாநாளு எதுக்க வந்த லோரி ரெண்டா தெரிஞ்சிச்சு. பஸ்ஸுக்குள்ள அத்தன பேரு ஒக்காந்திருக்காங்க."

"அதனாலதான் சாப்புடச் சொல்றேன்," என்றாள் அம்மா.

தட்டை வழித்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாதி நாள் கடலை, பாதி நாள் இலை. நாங்களும் அதையே தின்றோம், வேறு வழி? முதல் வாய் எனக்கு மண் மாதிரி இருந்தது. பத்தாவது வாயில் பிடித்துப்போனது. அடுத்த முறை பார்த்த டாக்டர், என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். ஆடு மாடு மாதிரி மேய்ந்தேன் என்றாராம் அப்பா. பஸ்ஸை விட்டு அவர் இறங்கவில்லை. மெர்டேக்கா என்ற அந்தச் சுதந்திர நாளில் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போன ஜனங்களை ஏற்றிக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு அவர்தான் ஓட்டினார். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் நான் தபூலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைத் தின்றது, நாங்கள் இலை தின்றோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாள் குறைவு.

அப்பா அதற்குப் பிறகு நிறைய வருஷம் இருந்தார், வயதாகி ஓய்வு பெறும்வரை ஓட்டினார். அவருடைய முதல் வருஷத் திதிக்குத் தம்பி அதே உஜோங் பாசிர் கரையில் பிண்டம் வைத்துவிட்டு வந்தான். வீட்டில் படையல். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தது. அம்மா கடைசியாக அந்தப் பீங்கான் தட்டைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். எள் இல்லை. பரப்பி, குழி பறித்து, தாளித்து ஊற்றியிருந்தது.

செமாபோக்கிலிருந்து வந்திருந்த அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"படையலுக்குத் தட்டு எதுக்கு அண்ணி? எலையிலயே உருண்ட புடிச்சு வைங்க, ரெண்டு எள்ளும் தூவி. அதுதானே மொற?"

அம்மா தட்டைப் படத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாக நகர்த்தினாள்.

"உருண்டையா வச்சா அவரு தொடமாட்டாரு," என்றாள்.