ஒரு பக்கம் மட்டும் வந்த வளரி

சிங்கப்பூரில், பிடோக்கில் என் மகள் வாழப்போன வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு மேலே சுவரில் ஒரு வளரி மாட்டியிருக்கிறது. அங்கே போனால் நான் அதற்கு எதிர்ப்பக்கம் உள்ள நாற்காலியில்தான் உட்காருவேன். அது என் முதுகுக்குப் பின்னால் இருப்பது எனக்குப் பிடிக்காது.

வளரி என்பது பிறைபோல வளைந்த எறிகருவி. ஒரு முனை கனமாக இருக்கும், மறு முனை கைப்பிடிக்காக மெலிந்திருக்கும். சிவகங்கைப் பக்கம் எங்கள் முன்னோர்கள் அதை எடுத்துக்கொண்டுதான் சண்டைக்குப் போனார்கள். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சுழற்றி, தாழ்வாக எறிவார்களாம். ஓடுகிற குதிரையின் காலை அது முறித்துவிடும். ஓடுகிற ஆளின் காலையும்தான். சிறுவயதில் எனக்குக் குதிரைக் கதையைத்தான் சொன்னார்கள், ஆளைப் பற்றிப் பிறகுதான் தெரிந்தது. ஓடுகிறவன் ஏற்கெனவே தோற்றவன்தானே, அவனை ஏன் அடித்தார்கள் என்று நினைத்திருக்கிறேன். யாரிடமும் கேட்டதில்லை. நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. தேக்காவில் மளிகைக் கடையில் வேலை பார்த்தாலும், கடைக்குப் பின்னால் ஸ்டோரில் மூட்டை அடுக்கும் வேலையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர்கள் ஜெயித்த பிறகு ஆயுதங்களைப் பிடுங்கினார்கள். தோற்றவர்களில் சிலரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். தப்பிய வளரிகள் சாமி அறைக்குள் போயின. எங்களுடையது இரும்பு. ஊரில் என் அண்ணன் வீட்டில், சாமி படத்துக்குக் கீழே, சந்தனம் பூசிக்கொண்டு கிடந்தது.

அந்தக் காலத்தில் சம்பந்தம் பேசி முடித்தால் இரண்டு வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்வார்கள். இப்போது ஊரிலேயே யாரும் அதைச் செய்வதில்லை. ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா அதில் பிடிவாதமாக இருந்தார். அப்பா இல்லாத பையனை வளர்த்தவர் அவர்தான்.

"நகை வேணாம், சீர் வேணாம் சம்பந்தி. வளரி மட்டும் மாத்திக்கணும். உங்க வீட்டுலயும் இருக்குல்ல?"

"இருக்குங்க" என்றாள் என் மனைவி. நான் தலையாட்டினேன்.

அவர் போனதும் மகள் சிரித்தாள். "சீரியஸ்லி? ஒரு ஸ்டிக் குடுத்தாத்தான் கல்யாணமா?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எப்படியாச்சும் கொண்டு வந்துடுங்கப்பா. பெரியப்பா நோ சொல்லிட்டா, அவர் எதிர்த்துப் பேச மாட்டார். எனக்குத் தெரியும்."

நான்கு வருடமாக அவள் விரும்பிய பையன். எதிர்த்துப் பேச மாட்டான் என்று அவளே சொன்னதுதான் அன்றைக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

என் மனைவியின் தம்பி நிச்சயதார்த்தத்துக்காக ஊரிலிருந்து வருவதாக இருந்தது. வளரியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரச் சொன்னோம். "யாராவது கேட்டா சாமி சாமான்னு சொல்லுடா" என்று அவள் போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

நான் சாங்கி விமான நிலையத்தில் காத்துக்கொண்டிருந்தேன். அவனோடு வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், அவனைக் காணவில்லை. கடைசியில் ஓர் அதிகாரி வந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மேசைமேல் திறந்த பெட்டி, முறுக்கு டப்பா, பட்டுவேட்டி, நடுவில் வளரி. மச்சினன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"என்ன மாப்ள சொன்னே?"

"இது என்னன்னு கேட்டாங்க மச்சான். வெப்பன் சார், வெரி ஓல்டு வெப்பன், ஹார்ஸ் லெக் கட்னு சொன்னேன்."

"சாமி சாமான்னு சொல்லச் சொன்னாளே உங்க அக்கா."

"பொய் சொல்லணுமா? பூரிக்கட்டைன்னு சொல்லச் சொல்றீங்களா இதை? எப்படி எறியணும்னுகூடக் காட்டினேன்."

மலாய்க்காரரான அந்த அதிகாரி என்னைப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். எனக்கு ஆங்கிலம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. "லாஸ்ட் டைம், ஃபைட். நவ், மேரேஜ்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் லேசாகச் சிரித்தார். தன் கல்யாணத்தன்று இடுப்பில் கிரிஸ் கத்தி செருகியிருந்ததாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் அவர் வளரியை ஒரு பையில் போட்டு, மூடி, ஒட்டினார். ஆயுதம் என்று சொன்ன பிறகு அப்படியே விட முடியாது, மேலதிகாரிகள் பார்த்துத்தான் சொல்வார்கள் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். பிறகு வந்த முடிவும் அப்படித்தான் வந்தது. மச்சினன் ஊர் திரும்பும்போது அவனோடேயே எடுத்துப் போகலாம், இங்கே வைத்துக்கொள்ள முடியாது.

நிச்சயதார்த்தம் ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டில் நடந்தது. அவர்கள் வளரி வெள்ளித் தட்டில், சிவப்புப் பட்டின்மேல் வந்தது. கருத்த மரம், எண்ணெய் தேய்த்து மின்னியது. பெரியப்பா எங்கள் தட்டைத் தேடினார்.

"உங்களுது எங்க சம்பந்தி?"

மச்சினன்தான் சொன்னான், ஏர்போர்ட்டில் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று.

"தலைமுறை தலைமுறையா வெள்ளைக்காரன் கண்ணுல படாம வச்சிருந்தீங்க. இப்ப நீங்களே தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டீங்களா?" அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மாத்திக்க ஒண்ணும் இல்லன்னா பேச என்ன இருக்கு? எந்திரிங்கப்பா."

மாப்பிள்ளை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை. மகள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எதுக்குங்க மாத்திக்கிறாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். "இனிமே உங்களை அடிக்க எங்ககிட்ட எதுவும் இல்லன்னு சொல்றதுக்குத்தானே? எங்ககிட்ட நெசமாவே எதுவும் இல்லைங்க. கஸ்டம்ஸ்ல இருக்கு."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. பிறகு வீடு முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மா எழுந்து தாம்பூலத் தட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

"பேசத் தெரியாதவர்னு சொன்னாங்க" என்றார் பெரியப்பா. "சரி, கல்யாணம் நடக்கட்டும். ஆனா உங்களுது வராம எங்களுது வராது." பட்டால் வளரியை மூடி, தன் மடியில் வைத்துக்கொண்டார். போகும்போது எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் நடந்தது. எங்களுடையது மச்சினனோடு ஊருக்குத் திரும்பி, சாமி படத்தின் கீழ் கிடக்கிறது. அடிக்க எதுவும் இல்லை என்று நான் சபையில் சொல்லிவிட்டேன். அவர்கள் சொல்லவில்லை. அவர்களுடையது இன்னும் அந்தக் கூடத்துச் சுவரில்தான் இருக்கிறது.

மகளிடம் அவ்வப்போது கேட்பேன். "நல்லாத்தான் இருக்கேன்லா, அப்பா" என்பாள். தனிக்குடித்தனம் போக அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பிக்க நினைத்தார்களாம், பெரியப்பா இப்போது வேண்டாம் என்றாராம். "அவர் என்ன சொன்னார்?" என்று மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். "அவர் என்ன சொல்வார்?" என்றாள்.

போன மாதம் போனபோது கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மகளைக் காணவில்லை. அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள் அறையிலிருந்து பெரியப்பா வந்தார், ஒரு கையில் எண்ணெய்த் துணி, மறு கையில் வளரி.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. ஆயுத பூசை வருதுல்ல, தொடைச்சு வச்சிடலாம்னு" என்று சொல்லி, சோபாமேல் ஏறி அதை மாட்டினார்.

அடுப்படியிலிருந்து மகள் தேநீர் கொண்டுவந்தாள். அவள் கூடத்தைக் கடந்து என்னிடம் வரும்வரை நான் தலை நிமிரவில்லை.

"என்னப்பா, என் காலையே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். தேநீரை வாங்கிக்கொண்டேன்.