ஜெபின் ஊருக்குப் போகாத கதை

பேராசிரியர் ஒருவரை மாணவர் நல ஆலோசகர் ஆக்கினால் முதலில் கெடுவது அவருடைய நலம்தான். என் நலத்தைக் கெடுத்தது ஒரு பாராட்டு. படிப்பை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஜெபின் என்ற மாணவன், நான் பேசியதைக் கேட்டு மனம் மாறித் தங்கிவிட்டான் என்று விடுதிக் காப்பாளர் தாசையன் எல்லாரிடமும் சொல்லிவருகிறார். பல வருடங்களாக எனக்கு அதில் சந்தேகம். அது உண்மையென்றால் ஒரு பையனுக்காவது நான் உதவியிருக்கிறேன். இல்லையென்றால் யாருக்குமே இல்லை. இதே பொறுப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் சந்தேகம் புரியும்.

மௌனம்

என் ஆலோசனை அறை முதல்வர் அறைக்கு அடுத்தது. யார் வருவார்கள்? ஒருநாள் ஒரு மாணவி வந்தாள். செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். பேசவில்லை. அவர்களாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கனிவாகப் பார்த்தபடி காத்திருந்தேன். கடைசியில் செல்போனைக் கழற்றிக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்று என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"சாருக்கு மனசுல என்னமும் இருந்தா சொல்லுங்க, நாளைக்கும் வாறேன்."

அமைதியான இடம்

மன அழுத்தம் போக்கும் நாள் ஒன்று நடத்தினோம். வராதவர்கள் பெற்றோரை அழைத்துவர வேண்டும் என்று அறிவிப்பு. "கண்ணை மூடி, அமைதியான கடலை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். இராஜாக்கமங்கலத்துப் பையன் ஒருவன் கண்ணைத் திறந்தான். "அப்பா கடலுக்குப் போயிருக்காரு சார், காத்தும் சரியில்ல." சரி, பூந்தோட்டம் என்றேன். தோவாளைப் பெண் கண்ணைத் திறந்தாள். "வெள்ளன பூப் பறிச்சிட்டுத்தான் சார் வாறேன், இடுப்பு ஒடியுது." அடுத்து எந்த இடத்தைச் சொல்வது என்று நான் திணறியபோது பின்வரிசையிலிருந்து ஒருவன் உதவிக்கு வந்தான்.

"உங்க கிளாஸ நெனச்சுக்கிடட்டா சார்? அங்கதான் நல்லா ஒறக்கம் வரும்."

ஜெபின்

ஒரு சாயங்காலம் தாசையன் ஜெபினைப் பையோடு என்னிடம் கூட்டிவந்தார். "மக்கா, சார் சொல்லதக் கேட்டுட்டுப் போ." அவனுடைய ஊர் புதுக்கடையைத் தாண்டி உள்ளே இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். விடாமுயற்சி பற்றிப் பேசினேன். என் இளமைக்காலத் துன்பங்களைப் பேசினேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளுக்குள் போராடுகிறான் என்று நினைத்து, இன்னும் விரிவாகப் பேசினேன். இருட்டியபோது பையைக் கீழே இறக்கி வைத்தான். தாசையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அறைத்தோழர்கள் அவனைக் கால்பந்தாட இழுத்துப் போனார்கள். பிறகு படிப்பையும் முடித்துவிட்டான். அன்று என்னிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்.

"இனி போவல்ல சார்."

போன வாரமும் ஒரு கூட்டத்தில் தாசையன் இதைச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கியவரை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டேன்.

"தாசையன் சார், அவன் ஊருக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்கு?"